முடிவிலித் தடை கொண்ட பதினொரு வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாலை 6.40 மணிக்கு முல்லை ரெசிடென்சி நலச் சங்கத்தின் செயற்குழு, கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. வெளிச்சுவருக்கு என்ன நிறம் என்று தீர்மானிக்கப் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்ட கட்டடம் இது. எனவே இந்த நாளைக் குறித்துவைப்பது அவசியம். ஏகமனதில் இருந்த மனங்கள் இரண்டு: தலைவர் சண்முகவடிவேல், செயலாளராகிய நான். பொருளாளர் வரவில்லை.

பின்னணி: மாதத்தில் ஒரு புதன்கிழமை, பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை இந்தப் பகுதிக்கு மின்சாரம் கிடையாது. அன்று கீழே உள்ள ஜெனரேட்டர்தான் பன்னிரண்டு வீட்டுக்கும் படியளக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆம்பியர் என்பது விதி. இரண்டு மின்விசிறி, சில விளக்குகள், ஒரு டிவி. லிஃப்ட் ஓடாது. போன மாதம் ஜெனரேட்டர் ஒரே நாளில் மூன்று முறை நின்றது. யாரோ ஒருவர் விதியை மீறி இழுக்கிறார். அவர் யாரென்று தெரியாதவரை எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அது நேர விரயம்.

முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். அளக்கும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்தது.

மார்ச் 6, வியாழன்

காந்திபுரத்தில் மீட்டர் வாங்கினேன். கடைக்காரர், “வேலைக்குங்களா, ஊட்டுக்குங்களா?” என்றார். சங்கத்துக்கு என்றேன். “அப்ப ஒரே ஒருக்காத்தான் எடுப்பீங்க. நல்லதாவே தாறேன்” என்றார்.

நண்டின் கொடுக்கு போன்ற வாய் உடையது. வாயைத் திறந்து கம்பியைக் கவ்வவிட்டால், உள்ளே ஓடும் மின்னோட்டத்தை எண்ணாகக் காட்டும். கம்பியை வெட்டவோ தொடவோ வேண்டாம். கையேடு ஆறு மொழிகளில் இருந்தது. தமிழ் அந்த ஆறில் இல்லை. படம் இருந்தது. படத்தில் கொடுக்குக்குள் ஒரே ஒரு கம்பிதான் இருந்தது. சிக்கனமாக வரைந்திருக்கிறார்கள்.

மகள் விட்டுச்சென்ற பத்தாம் வகுப்பு அறிவியல் நூலை எடுத்துப் படித்தேன். மின்னழுத்தம் தள்ளுவது. மின்னோட்டம் ஓடுவது. மின்தடை ஓடவிடாமல் மறிப்பது. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை; அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். ஆக, இரண்டே எண்கள் கையில் இருந்தால் ஒரு வீடு எவ்வளவு தின்கிறது, எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்ற இரண்டையும் சொல்லிவிடலாம். அரசு வேலையில் இவ்வளவு குறைந்த ஆதாரத்தோடு முடிவுக்கு வர என்னை யாரும் அனுமதித்ததில்லை.

மனைவி லலிதா ஓசூரில் மகள் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். மகளுக்கு ஐந்தாம் மாதம். இட்லி மாவு புளித்துவிட்டதா என்று கேட்டாள். புளித்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியது: “நாளை ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டின் மின்னோட்டமும் அளக்கப்படும். ஒத்துழைக்கவும். வெ. கனகசபாபதி, செயலாளர்.” ‘ஒத்துழைக்கவும்’ என்பதன் கீழே யாரோ பென்சிலால் ‘எதுக்கு’ என்று எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

9.04க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கீழே மீட்டர் அறைக்குப் போனேன். பலகையிலிருந்து வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கேபிள்கள் மேலே ஏறுகின்றன. வெள்ளை உறை, ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டு கம்பிகள். முதலில் மின்னழுத்தம் பார்த்தேன்: 218 வோல்ட். பிறகு ஒவ்வொரு கேபிளாகக் கவ்வவிட்டேன்.

101, பூஜ்யம். 102, பூஜ்யம். நேற்று ஒட்டிய ஒரு தாள் இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 103, தலைவர் வீடு, பூஜ்யம். அவர் வீட்டு டிவியில் ஓடிய நாடகம் மீட்டர் அறைவரை கேட்டது. ஆனால் சத்தம் சாட்சியம் ஆகாது. எண்தான் சாட்சியம்.

104, என் வீடு. பூஜ்யம். மீட்டரை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மறுபடியும் கவ்வவிட்டேன். பூஜ்யமே. குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் தளம் முழுவதும் பூஜ்யம். 301, பூஜ்யம். 302க்கு மட்டும் உறைபோட்ட கேபிள் இல்லை. தீபாவளி சமயத்தில் எலி கடித்ததால் எலக்ட்ரீஷியன் சிக்கந்தர் அதை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று தனித்தனிக் கம்பிகளாக இழுத்திருந்தார். சிவப்பில் போகிறது, கறுப்பில் திரும்புகிறது. திரும்பி வருவதை அளப்பது நேற்றைய செய்தித்தாளைப் படிப்பது போல. சிவப்பைக் கவ்வவிட்டேன்.

2.3 ஆம்பியர்.

303, 304, பூஜ்யம்.

கணக்கு: 302இன் திறன் 218 பெருக்கல் 2.3, அதாவது 501 வாட். தடை 218 வகுத்தல் 2.3, ஏறத்தாழ 95 ஓம். மற்ற வீடுகளின் தடையைக் காண 218ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். அதைப் பற்றிப் பாடநூல் மௌனம் சாதிக்கிறது. ஓரத்தில் மகள் பென்சிலால் ‘முடிவிலி’ என்று எழுதியிருக்கிறாள். ஆக, எங்கள் கட்டடத்தில் முடிவிலித் தடை கொண்ட வீடுகள் பதினொன்று. பொதுக்குழுக் கூட்டங்களில் இதை நான் முன்பே உணர்ந்திருக்கிறேன்.

11.05க்கு வாட்ச்மேன் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். 11.05க்கே ஜெனரேட்டர் நின்றது. கால் மணி நேரம் கழித்து மீண்டும் கிளப்பினார்கள்.

பிற்பகல் என் அறையில் உட்கார்ந்து அட்டவணையைச் சுத்தமாக நகல் எடுத்தேன். வெளியே 37 டிகிரி. கடைசிப் பக்கத்தை எழுதும்போது துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

302க்குப் போனேன். வாடகைக் குடித்தனம். நஞ்சப்பன், 68 வயது. மூடிப்போன ஒரு நூற்பாலையில் பஞ்சு உடைக்கும் பகுதியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுவிட்டது. மகள் கோகிலவாணி ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் இருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த சிறு பீரோ போல ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அறைக் காற்றை இழுத்து, அதிலுள்ள ஆக்ஸிஜனை மட்டும் பிரித்துக் கொடுக்கிறதாம். அதிலிருந்து வந்த குழாய் அவர் மூக்கில் இருந்தது.

“உக்காருங்க சார். பேச்சு மெதுவாத்தான் வரும். கோவிச்சுக்காதீங்க.”

அளவைச் சொன்னேன்.

“ரெண்டே முக்காலா?”

“இரண்டு புள்ளி மூன்று.”

“பரவால்லீங்களே. இந்த ஒடம்பு இன்னும் அவ்ளோ இழுக்குதா!” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிய இரண்டு நிமிடம் ஆயிற்று. நான் அதற்குள் பெட்டியின் பின்புறத் தகட்டைப் படித்தேன். 230 வோல்ட், 1.5 ஆம்பியர், 350 வாட். பெருக்கிப் பார்த்தேன். 345. தகடு ஏறக்குறைய நேர்மையானது.

“எத்தன நேரம் இது இல்லாம இருப்பீங்க?” என்றேன்.

“கம்முனு படுத்துட்டா ஒரு பத்து நிமிசம். பேசுனா அஞ்சு. உங்களாட்டம் ஆளு வந்தா மூணு.”

கிளம்பும்போது அவர் சொன்னதையும் எழுதிவைக்கிறேன். தொழில்நுட்ப மதிப்பு ஏதும் இல்லை என்றாலும்.

“எங்க மில்லுல லோடு தாங்காம லைன் டிரிப் ஆச்சுன்னா, மெஷினயெல்லாம் அப்பறம்தானுங்க பாப்போம். மொதல்ல மேனேஜர் ரூமுக்குப் போயி, ஹீட்டர் போட்டு உக்காந்திருக்காரான்னு பாப்போம். பத்துக்கு ஒம்பது தடவ அதுதான்.”

மார்ச் 16, ஞாயிறு

சிறப்புப் பொதுக்குழு. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். அட்டவணையை வாசித்தேன். தத்தம் வீடு பூஜ்யம் என்று கேட்டதும் ஒவ்வொருவர் முகத்திலும் ஓர் அமைதி படர்ந்தது. 203இல் இருப்பவர் மட்டும், “பூஜ்யமா? ஃபேன் ஓடிட்டுத்தானே இருந்துச்சு?” என்றார். அவர் மனைவி அவரது முழங்கையைத் தொட்டார். அவர் உட்கார்ந்துகொண்டார்.

கோகிலவாணி டாக்டர் கடிதத்தோடு வந்திருந்தாள்.

“சார், அன்னைக்கு ஃபேனு, ஃபிரிட்ஜு, லைட்டு எல்லாத்தயும் ஆஃப் பண்ணிடறேனுங்க. மெஷின் மட்டும் ஓடட்டும். ஒன்னரை ஆம்ஸ்தான். அரை ஆம்ஸ்தானுங்க கூட.”

“விதி ஒரு ஆம்பியர்மா” என்றேன்.

“மத்தவங்க எல்லாரும் பூஜ்யம்னு நீங்கதானே சார் வாசிச்சீங்க? அப்ப பதினோரு ஆம்ஸ் சும்மாத்தானே கெடக்குது? அதுல அரைய எங்களுக்குக் குடுங்க.”

கணக்கு ரீதியாக இது சரி. ஆனால் அவள் கேட்ட கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். முன்னாள் தாசில்தார், செருமுவதில் அனுபவம் உண்டு. “அம்மிணி, எங்களுக்கு இரக்கம் இல்லாம இல்ல. ஆனா இன்னைக்கு ஆக்ஸிஜன்னு ஒருத்தருக்கு விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் மிக்ஸின்னு வந்து நிப்பாரு.”

“மிக்ஸி இல்லீன்னா சட்னி இல்லீங்க. அவ்ளோதானே?” என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. முடிவிலித் தடை என்பதன் பொருள் எனக்கு அப்போது மேலும் தெளிவாயிற்று.

தீர்மானம்: 302க்கு ஒரு ஆம்பியர் எம்சிபி பொருத்துவது. அளவு மீறினால் அது தானாக விழுந்து, அந்த வீட்டுக்கு மட்டும் ஜெனரேட்டர் மின்சாரத்தை நிறுத்தும். ஆதரவு எட்டு. எதிர்ப்பு இல்லை. வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு இல்லை.

மார்ச் 20, வியாழன்

எம்சிபி பொருத்தப்பட்டது. சிக்கந்தர் மகளின் பிரசவத்துக்காகக் கீரனூர் போயிருப்பதால் வேறு ஆள் வந்து செய்தார்.

மார்ச் 29, சனி

பால்கனிக்குப் புறா வலை அடித்தார்கள். ஒரு புறா உள்ளே மாட்டிக்கொண்டது. வலையை ஒரு மூலையில் அவிழ்த்துவிட்டு மறுபடி அடித்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

ஷட்டவுன். 9.02க்கு ஜெனரேட்டர். 9.06க்கு 302இன் எம்சிபி விழுந்தது. கருவி விதிப்படி இயங்கியது.

கோகிலவாணி விடுப்பு எடுத்து ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தாள். லிஃப்ட் ஓடாததால் அதை அவளும் வாட்ச்மேனும் படிக்குப் படி வைத்துத் தூக்கிப்போனார்கள். அந்த ஒலி மூன்று தளமும் கேட்டது.

11.05க்கு மோட்டார் போட்டதும் ஜெனரேட்டர் நின்றது. 302 அப்போது இரண்டு மணி நேரமாகத் துண்டிக்கப்பட்டிருந்தது. இதற்கு ஒரு விளக்கம் தேவை. ஜெனரேட்டருக்கும் பழக்கம் என்று ஒன்று இருக்கலாம்.

நண்பகலில் அவள் என் கதவைத் தட்டினாள். சிலிண்டர் சாயங்காலம்வரை வருமா என்று சந்தேகமாக இருக்கிறது, வேண்டுமானால் ஒரு மணி நேரம் மட்டும் எம்சிபியைத் தாண்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். செயலாளருக்குத் தீர்மானத்தை மீறும் அதிகாரம் இல்லை என்று விளக்கினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“உங்க ஊட்டு வாசல்ல நின்னாலே சில்லுனு இருக்குதுங்க சார்.”

“வடக்குப் பார்த்த வீடு” என்றேன்.

“எங்களுதும் வடக்குதானுங்க” என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஜெனரேட்டரைச் சோதனைக்கு ஓட்டுவது வழக்கம். சிக்கந்தர் ஊரிலிருந்து வந்துவிட்டார், பேரன் பிறந்திருக்கிறான். இனிப்பு கொடுத்தார். கட்டடம் முழுவதையும் ஜெனரேட்டருக்கு மாற்றிவிட்டு, என் அட்டவணையைக் காட்டினேன். அளந்த முறையைச் செய்தும் காட்டினேன்.

சிக்கந்தர் வாயிலிருந்த இனிப்பை விழுங்கியபின் சிரித்தார்.

“சார், போற கம்பியையும் வாற கம்பியையும் ஒண்ணாக் கவ்வுனா அது என்னத்தக் காட்டும்? ரெண்டும் எதிரும் புதிருமாக் கழிஞ்சுபோயிரும். ஊரே பத்தி எரிஞ்சாலும் பூஜ்யந்தான் காட்டும். ஒத்தக் கம்பியத்தான் புடிக்கோணும். 302ல மட்டும் நான் தனித்தனியா இழுத்திருந்தேன், அதனால அது மட்டும் நெசத்தச் சொல்லியிருக்குது.”

கையேட்டின் படத்தில் ஒரே ஒரு கம்பி இருந்ததற்குக் காரணம் சிக்கனம் அல்ல என்று இப்போது அறிகிறேன்.

உறையைக் கீறி, கம்பிகளைப் பிரித்து ஒவ்வொரு வீடாக அளந்தார். 101, 0.7. 102, 0.9. 103, 1.1. மற்றவையும் இப்படியே.

“உங்களுது ஏழு புள்ளி ஒண்ணு.”

மீண்டும் அளக்கச் சொன்னேன். 7.1. மின்னழுத்தம் 218. திறன் 1548 வாட். தடை 31 ஓம்.

“மீட்டரின் பேட்டரி பலவீனமாக இருக்கலாம்” என்றேன்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்குது. ரெண்டு வருசம் முன்னால, ‘சிக்கந்தர், வெயில் தாங்கல, பெட்ரூம் ஏசிய இந்த லைன்ல தட்டிவிடு’ன்னு சொன்னீங்களே, அதுதான் சார். நான்தானே மாட்டிக் குடுத்தேன். வேணா ஒண்ணு பாருங்க.”

மேலே போய் அதை நிறுத்திவிட்டு வந்து, தண்ணீர் மோட்டாரைப் போட்டார். ஜெனரேட்டர் ஒரு கணம் முனகிவிட்டு ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். ஓடியது. மூன்றாம் முறை வேண்டியதில்லை என்றார். இரண்டே சோதனைகளை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது.

“மாத்தி உட்ரட்டுங்களா? அரைமணி நேர வேல.”

“அடுத்த ஷட்டவுனுக்கு முந்தின நாள் வா” என்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

திருத்திய அட்டவணையைத் தயாரித்தேன். பதினொரு வீடுகளின் எண்கள் நிரம்பிவிட்டன. ஒரு வரிசையில் இடம் விட்டிருக்கிறது.

மே 4, ஞாயிறு

பொதுக்குழு. நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ‘மீட்டர் அளவுகள், மறுபரிசீலனை’ என்று சேர்த்திருந்தேன். முதல் பொருள் கட்டடப் பெயர்ப்பலகையில் உதிர்ந்துபோன ‘சி’ எழுத்து. இரண்டாவது, படிக்கட்டில் படுக்கும் நாய். மூன்றாவது, அந்த நாய்க்குச் சோறு வைப்பது யார். மூன்றாவது பொருள் இரண்டு மணி நேரம் நீடித்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வாக்கு இல்லாவிட்டாலும் கோகிலவாணி பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். “நாலாவது என்னங் சார்?” என்று கேட்டாள்.

“நடைமுறை சம்பந்தப்பட்டது” என்றேன்.

ஒத்திவைக்கப்பட்டது.

மே 13, செவ்வாய்

சிக்கந்தர் சொன்னபடி வந்தார். வெளியே 39 டிகிரி. நாளையும் அப்படித்தான் இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். ஜூனில் மழை வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் கருவிப்பையைத் திறக்கவே இல்லை. “உங்க இஷ்டம் சார்” என்றார். தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மே 14, புதன்

நேரப்படி எழுதுகிறேன்.

9.01. ஜெனரேட்டர். 302 சிலிண்டரில் இருந்தது. இம்முறை எம்சிபி விழ ஒன்றும் இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள்.

11.05. மோட்டார். ஜெனரேட்டர் நின்றது. 11.30க்கு மீண்டும் ஓடியது.

1.20. சிலிண்டரின் திருகு கசிந்திருக்கிறது. ஐந்து மணிவரை வர வேண்டியது தீர்ந்துவிட்டது. கோகிலவாணி ஓடிவந்தாள். தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தலைவர் மதிய உறக்கத்தில் இருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

1.35. அவள் சிக்கந்தருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் வந்து, யாரையும் கேட்காமல் எம்சிபியைத் தாண்டி நேராக இணைத்தார். மேலே பெட்டி உறுமத் தொடங்கியது. இது தீர்மானத்துக்கு விரோதமானது என்று சுட்டிக்காட்டினேன். “எழுதி வெச்சுக்கங்க சார்” என்றார். எழுதிவைக்கிறேன்.

1.45. வெயில் அதிகமாக இருந்ததால் நான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

2.10. காலையில் தொட்டி நிரம்பாததால் வாட்ச்மேன் மோட்டாரை இன்னொரு முறை போட்டார். ஜெனரேட்டர் நின்றது. என் அறையில் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றது. அதன்பின் மேலிருந்து காலடிச் சத்தங்கள்.

2.12 முதல் 2.22 வரை. ஜெனரேட்டர் சூடேறிவிட்டது. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை.

2.25. நஞ்சப்பனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சிக்கந்தரும் வாட்ச்மேனும் 203இல் இருப்பவரும் மாடிப்படி வழியாகத் தூக்கிவந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. கோகிலவாணி பக்கத்திலேயே நடந்து ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். முதல் தளத்துத் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. அவர் கண்ணைத் திறந்து, “பஞ்சு மூட்டையாட்டம் தூக்கறீங்களேப்பா... நான் அவ்ளோ கனமில்லீங்க” என்றார்.

“பேசாதீங்கப்பா” என்றாள் கோகிலவாணி.

நான் கீழ்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

எடை 46 கிலோ என்று மருத்துவச் சீட்டில் இருந்தது. உயரம் பத்து மீட்டர். நான்கு நிமிடம். இதற்கான திறன் ஏறத்தாழ பத்தொன்பது வாட். மாடிப்படியில் எரியும் விளக்கு இருபது வாட்.

மே 15, வியாழன்

எதுவும் அளக்கவில்லை.

மே 17, சனி

நஞ்சப்பன் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாறிவிட்டார். வாட்ச்மேன் சொன்னார். லலிதா போன் செய்தாள். இங்கே நடந்தது யார் மூலமாகவோ அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“சொல்லிட்டீங்களா?” என்றாள்.

“எதை?”

தான் வர இன்னும் சில மாதம் ஆகும் என்றாள். மகளுக்கு ஏழாம் மாதம். புளித்த மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் ஊற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள்.

மே 24, சனி

கோகிலவாணி வந்தாள். மாத இறுதியில் காலி செய்கிறார்களாம். சிங்காநல்லூர் பக்கம் தரைத்தள வீடு.

“அங்க ஜெனரேட்டர் இருக்கிறதா?” என்றேன்.

“இல்லீங்க. அதனாலதான் அங்க போறோம். பேட்டரி ஒண்ணு எங்களுக்குன்னே தனியா வாங்கி வெச்சுக்கறோம்.”

சாவியை ஒப்படைக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங் சார். பன்னண்டு ஊட்ல பதினோரு ஊடு பூஜ்யம்னு எழுதுனீங்களே. உங்க ஊட்டயும் பூஜ்யம்னு எழுதறப்ப, கை கொஞ்சங்கூட நிக்கலீங்களா?” என்றாள்.

எழுத்து மூலமாகக் கேட்டால் பதில் தருவதாகச் சொன்னேன்.

“சிக்கந்தரண்ணன் எல்லாம் சொல்லிட்டாருங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்கேன் சென்டரில் அடுத்த ஆளின் டோக்கன் எண்ணைச் சொல்வது போலச் சொன்னாள்.

மே 31, சனி

302 காலி. வண்டி கிளம்பும் முன் நஞ்சப்பன் ஆட்டோவில் இருந்தபடி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். மூக்கில் குழாய், மடியில் சிறு சிலிண்டர். ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

“நாய்க்குச் சோறு வெச்சது நான்தானுங்க” என்றார். “மூணாவது மாடியிலருந்து கவுத்துல கட்டி எறக்குவேன். இனி யாராச்சும் பாத்துக்கங்க.”

மூன்றாவது பொருள் இவ்வாறு முடிவுக்கு வந்தது. கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஏற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

பொதுக்குழு. நான்காவது பொருள் காலாவதியானதால் நீக்கப்பட்டது. ஜெனரேட்டர் பிரச்சினையை அறிவியல் முறையில் தீர்த்துவைத்ததற்காகச் செயலாளருக்கு நன்றி தெரிவித்துத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். 203இல் இருப்பவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் கை தட்டினார்கள். கிளாம்ப் மீட்டரை அதன் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். 302இலிருந்து கழற்றிய எம்சிபியும் அதன் பக்கத்தில் இருக்கிறது.

மழை இன்னும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

ஷட்டவுன். 9.03க்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. 302 பூட்டியிருக்கிறது, அதன் சுவிட்ச் கீழே இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 11.05க்கு வாட்ச்மேன் தண்ணீர் மோட்டாரைப் போட்டார். 11.05க்கு ஜெனரேட்டர் நின்றது.